உடம்படுமெய்

எங்கள் வீட்டுக் கார் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகளாகப் பின்புறத்தில் முட்டிக்கொண்டிருந்தது. முட்டுகிறது என்பது அப்பாவின் சொல். ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறுமிடத்தில் ஒரு முறை, மதகைக் கடக்கையில் ஒரு முறை, கோயில் வீதியின் கிடங்குகளில் எண்ணிக்கையின்றி. பின்னிருக்கைக்குக் கீழே யாரோ சுத்தியலோடு குந்தியிருந்து தகரத்தில் தட்டுவது போன்ற சத்தம் அது. வளைவுகளில் இன்னொரு விசித்திரமும் உண்டு. நான் ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு காரின் பின்பகுதி ஒரு கணம் தாமதித்து, தன் விருப்பப்படி இன்னுமொரு முறை திரும்பும். முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாக இரண்டு பேர் ஓட்டும் கார் போலிருக்கும்.

உண்மையில் அதனை இரண்டு பேர்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். வலது இருக்கையில் நான். இடது இருக்கையில், கால்களால் இல்லாத பிரேக்கை மிதித்தபடி, எண்பதை நெருங்கும் அப்பா.

கார் 1978ஆம் ஆண்டு மினி. கணித ஆசிரியராக இருந்த அப்பா 1984இல், கொழும்புக்கு மாற்றலாகிப் போன சக ஆசிரியர் ஒருவரிடமிருந்து அதனை வாங்கினார். யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் என்றதும் வெளியூர் நண்பர்கள் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையுமே நினைப்பார்கள். மினிக்கு அவ்வளவு மரியாதை கிடையாது. சம்பந்தம் பேசப் போகிறவர்கள் அதில் ஏறிப் போனதாக நான் அறியேன். ஆனால் 1956இன் சுயெஸ் நெருக்கடியில் பெற்றோல் பங்கீட்டைக் கண்ட பிரித்தானியாவில், குறைந்த எரிபொருளில் நான்கு பேரை ஏற்றிச் செல்லவென அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த கார் அது. தட்டுப்பாட்டிலே கருக்கொண்ட காருக்கு எங்கள் ஊர் அந்நியமாக இருக்கவில்லை. 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, சின்னப் போத்தலிலிருந்து சிறிது பெற்றோல் காட்டி எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார் அப்பா. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டாரும், அயல்வீட்டு மூதாட்டியும், ஒரு தையல் மெசினும், அப்பாவின் கணிதப் புத்தகங்களும் அதில் ஏறி நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்குப் போனோம். 2022இல் நாடே எரிபொருளின்றி நின்றபோது, கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பெறும் வாரத்துக்கு 20 லீற்றரை முழுவதும் குடித்து முடிக்காத கார்களில் எங்களுடையதும் ஒன்று.

அந்தக் கார் முட்டத் தொடங்கியது அம்மா காலமாகிச் சில மாதங்களுக்குப் பிறகு. இரண்டுக்கும் தொடர்பு ஏதுமில்லை. இருந்தும் எனக்கு அவை சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அம்மா 2021இல் இறந்தார். அதன் பிறகுதான் நானும் அப்பாவும் ஒருவரோடொருவர் நேரடியாகப் பேசிப் பழகியதே இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது. அதற்குமுன் பேசாமலிருந்தோம் என்றும் சொல்ல முடியாது. நாளெல்லாம் செய்திகள் போய்வந்தன. ஆனால் அம்மா வழியாக. “அவனுக்கு ஏன் இந்த வேலை” என்று விறாந்தையில் அப்பா சொல்வது குசினி வழியே என் அறைக்கு வரும்போது, “அப்பா உன்ரை உடம்பைப் பற்றி யோசிக்கிறார்” என்றாகியிருக்கும். “அவருக்கு ஒண்டும் விளங்காது” என்று நான் சொல்வது திரும்பிப் போகும்போது, “தம்பி ஆறுதலாக் கதைப்பானாம்” என்றாகியிருக்கும். நான் இதனை ஓரளவு அறிந்தே இருந்தேன். அறிந்தும் அதனை அம்மாவின் சுபாவம் என்று கொண்டேனே தவிர, அவர் செய்துகொண்டிருந்த வேலை என்று ஒருநாளும் எண்ணவில்லை.

அவர் போனபின் சொற்கள் நேரே வந்து மோதின. “மின்சாரக் கட்டணம் கட்டியாச்சோ?” என்பதும் குற்றச்சாட்டாகக் கேட்டது. “கட்டியாச்சு” என்பதும் அவமதிப்பாகக் கேட்டிருக்க வேண்டும். பிறகு இருவரும் குறைவாகப் பேசினோம். என் மனைவி சிலகாலம் இடையில் நின்று பார்த்தாள். பிறகு, “இஞ்சாருங்கோ, அவர் உங்கடை அப்பா, நீங்களே போய்க் கேளுங்கோ” என்று விலகிக்கொண்டாள். அவள் செய்தது சரிதான்.

நான் கல்வியியற் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் ஆசிரிய மாணவர்களுக்குப் புணரியல் நடத்த வேண்டும். அதில் அவர்களுக்கு ஆகக் கூடுதலாகச் சலிப்பூட்டும் பகுதி உடம்படுமெய். ஒரு சொல் உயிரெழுத்தில் முடிந்து அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால், அவ்விரண்டு உயிர்களும் தாமாகச் சேர்வதில்லை. நடுவே ஒரு மெய் தோன்றி அவற்றைச் சேர்க்கிறது. மணி, அடித்தது என்பன மணியடித்தது ஆகின்றன. பூ, அழகு என்பன பூவழகு ஆகின்றன. உடம்படுமெய் வரலாம் என்று கூறிய தொல்காப்பியர் இன்ன எழுத்துக்கள்தான் என்று சொல்லவில்லை. யகரமும் வகரமும் எங்கெங்கே வரும் என வகுத்துச் சொன்னது நன்னூல். அந்த யகரத்துக்கும் வகரத்துக்கும் அவ்விடத்தில் பொருள் எதுவுமில்லை. மணிக்குப் பொருளுண்டு, அடித்ததற்கும் உண்டு. இடையில் வந்தது சேர்த்துவைக்க மட்டுமே வந்தது. இதனைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி அழித்திருக்கிறேன்.

இனிக் காருக்கு வருகிறேன்.

மினியில் சில்லுகள் நேரடியாக உடலோட்டில் பூட்டப்படவில்லை. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இரண்டு இரும்புச் சட்டகங்கள் இருக்கின்றன. சப்பிரேம் என்பார்கள், துணைச்சட்டகம் என்று சொல்லலாம். பின்பக்கத்துச் சில்லுகளும், அவற்றைத் தாங்கும் கைகளும், எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மோல்ரன் வடிவமைத்த றப்பர்க் கூம்புகளும் பின் சட்டகத்தோடு சேர்ந்தவை. இசிகோனிஸின் முதல் சோதனைக் காரில் இச்சட்டகங்கள் இருக்கவில்லை. மெல்லிய தகட்டாலான உடலோடு வீதியின் அடியை நேரே வாங்க இயலாது என்பதால், உற்பத்திக்குப் போகுமுன் சேர்க்கப்பட்டவை அவை. பின் சட்டகம் நான்கு மூலைகளில் உடலோட்டோடு இணைகிறது: இரண்டு பின்னிருக்கைக்குக் கீழே, இரண்டு டிக்கிக்குக் கீழே. ஒவ்வொரு மூலையிலும் ஓர் இரும்புத் தாங்கு, அதன் நடுவே ஒரு நீண்ட போல்ட், போல்டைச் சுற்றி இரண்டு சிறிய றப்பர்கள். ஆக எட்டு றப்பர்கள். இரண்டு என் உள்ளங்கையில் அடங்கும். அவ்வளவு பெரிய இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமல் சேர்ந்திருப்பது இந்த எட்டினால்.

றப்பர் அடியை இல்லாமற் செய்துவிடுவதில்லை. வீதியிலிருந்து வரும் அதிர்வில் ஒரு பகுதியைத் தனக்குள் வாங்கி வெப்பமாக மாற்றுகிறது. ஒவ்வொரு முறை நெளியும்போதும் அது சற்றே சூடாகிறது. அந்த நெளிவும் சூடும், காற்றிலுள்ள ஒட்சிசனும் ஓசோனும், எஞ்சினிலிருந்து கசிந்து வழியும் எண்ணெயும் சேர்ந்து அதன் ஆயுளைத் தின்கின்றன. மாலைகளில் தலையிடிக்கிறது என்று கூறி நெற்றியில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கும் அம்மாவை நான் அறிவேன். வெயில் என்று நினைத்திருந்தேன்.

ஒரு கராஜில் காரைக் காட்டினேன். கீழே படுத்து ஒரு நெம்புகோலால் நெம்பிப் பார்த்தவர், எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டு, “சேர், சப்பிரேம் றப்பர் முடிஞ்சுது. றப்பர் போட்டா இன்னும் பத்து வருசத்திலை திரும்பக் கதைக்கும். இரும்பிலை கடைஞ்சு போட்டுவிடுறன். ஆயுசுக்கும் கதையாது” என்றார்.

அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. “இரும்பெண்டா இரும்புதான்” என்றார்.

நான் சில நாட்கள் வாசித்துப் பார்த்தேன். பந்தயக் கார்களில் அவ்வாறு இறுக்கிப் பூட்டுவதுண்டு. அவற்றின் உடலோடு அதற்கேற்ப வலுப்படுத்தப்பட்டிருக்கும். நாற்பத்தைந்து ஆண்டுப் பழைமையும் ஆங்காங்கே துருவும் கொண்ட எங்கள் காரில் இரும்பைப் போட்டால், சத்தம் நிற்கலாம். ஆனால் இதுவரை றப்பர் வாங்கிய அடியைத் தகடு வாங்கும். தாங்கு பூட்டிய துளைகளைச் சுற்றி வெடிப்பு விழும். இதனை அப்பாவிடம் சொன்னேன். சொன்ன விதத்தில் வகுப்பறைத் தொனி இருந்திருக்க வேண்டும்.

“கார் இலக்கணமில்லைத் தம்பி” என்றார்.

“அப்ப நானே மாத்துறன்” என்றேன்.

வாய் தவறி வந்த வார்த்தை அது. அதற்குமுன் நான் அக்காருக்குச் செய்த உச்சபட்ச வேலை ரயர் மாற்றியது. இருந்தும் சொன்னதைத் திரும்பப் பெற முடியவில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கடைக்கு நண்பர் ஒருவர் போய் எட்டு றப்பர்களையும் புதிய போல்ட்களையும் வாங்கிப் பேருந்தில் அனுப்பிவைத்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதி. 2023 ஓகஸ்ட் மாத விடுமுறையில் வேலையைத் தொடங்கினேன்.

மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே காலையும் மாலையும் போல்ட்களுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவந்தேன். முன் சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜக்கில் உயர்த்தி, இரு பக்கமும் உடலோட்டின் உறுதியான இடங்களுக்குக் கீழே தறித்த பனங்குற்றிகளை வைத்து இறக்கினேன். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே போவது தற்கொலைக்குச் சமம் என்று வாசித்திருந்தேன். அப்பா வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்க் கைகழுவித் திரும்பியபோது, ஒவ்வொரு குற்றியின் அருகிலும் இரண்டாவது குற்றி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவர் திரும்ப விறாந்தைக்குப் போய்விட்டிருந்தார்.

முதல் போல்டிலேயே தவறிழைத்தேன். கையிலிருந்த 13 மில்லிமீற்றர் ஸ்பனர் ஏறக்குறையப் பொருந்தியது; பலங்கொண்டு திருப்பியதும் வழுக்கிப் போல்ட் தலையின் முனைகளை மழுக்கிற்று. பிரித்தானியக் கார், அங்குலக் கணக்கு. அதற்கு வேண்டியது அரை அங்குல ஸ்பனர், அதாவது 12.7 மில்லிமீற்றர். வித்தியாசம் 0.3 மில்லிமீற்றர்தான். அந்த இடைவெளி போதும், பிடிக்கவேண்டியது வழுக்கிவிடுவதற்கு.

காருக்குக் கீழிருந்து பார்க்கையில் அப்பாவின் செருப்புக்கால்கள் வந்து நின்றன. பிறகு ஒரு கை குனிந்து, துணியில் சுற்றிய ஒரு ஸ்பனரை நிலத்தில் வைத்தது. அரை அங்குலம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததற்காக நான் அவருக்கு நன்றியுடையவனாக இருந்தேன். சற்று நேரத்தில் பிளாஸ்ரிக் கதிரை இழுபடும் ஓசை கேட்டது. அன்றிலிருந்து மூன்று நாட்களும் அவர் அந்தக் கதிரையில் இருந்தார்.

வேலை சொல்லுமளவுக்குச் சிக்கலானதன்று, பொறுமையைக் கேட்பது. சட்டகத்துக்குக் கீழே ஒரு பலகையை வைத்து, இரண்டாவது ஜக்கினால் அதன் பாரத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். புகைக்குழாயின் பிடியையும் கைபிரேக் கம்பியையும் தளர்த்த வேண்டும். ஒரு மூலையில் தாங்கை உடலோட்டோடு பிணைக்கும் இரண்டு போல்ட்களையும் நடுவிலுள்ள நீண்ட போல்டையும் கழற்றி, பிரேக் குழாய் இழுபடாமல் பார்த்துக்கொண்டு, ஜக்கைச் சிறிது சிறிதாக இறக்கினால், சட்டகம் உடலோட்டிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை விலகும். அந்த இடைவெளியில் தாங்கை வெளியே எடுத்துவிடலாம்.

“கொஞ்சம் இறக்கு.”

“காணுமோ?”

“இன்னும் கொஞ்சம். பொறு, பொறு. பைப்பைப் பார்.”

“பைப் நல்லாயிருக்கு.”

“அப்ப சரி.”

எழுதிப் பார்க்கையில் இதில் ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு சொற்களை இடையூறின்றி நாங்கள் பரிமாறிக்கொண்டு எத்தனை காலமாகியிருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்பதும் ஒரு காரணமாயிருக்கலாம். நான் காருக்குக் கீழே மல்லாந்து கிடந்தேன். அவர் குரல் மட்டும் மேலிருந்து வந்தது.

இரண்டு நாட்களில் மூன்று மூலைகள் முடிந்தன. கழற்றிய றப்பர்கள் வெடித்து, எண்ணெயில் ஊறிப் பொருமி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தன. நான்காவது, பின்பக்கத்து இடது மூலை, அசைய மறுத்தது. நீண்ட போல்ட் துருவில் இறுகித் தாங்கோடு ஒன்றாகியிருந்தது. ஒன்றரை நாள் வாளால் அறுத்தேன். நான்கு அலகுகள் முறிந்தன. மூன்றாம் நாள் பின்னேரம் போல்ட் இரண்டாகித் தாங்கு என் நெஞ்சின்மேல் விழுந்தது.

அதற்குள் இருந்தவை கடையில் வாங்கிய றப்பர்கள் அல்ல. கையால் வெட்டப்பட்ட, முழு வட்டமுமில்லாத வில்லைகள். விளிம்புகளில் ரயரின் நூலிழைகள் தெரிந்தன. நடுத்துளை வெட்டப்பட்டதன்று, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுட்டுத் துளைத்தது. கல்லைப்போல் இறுகியிருந்தன. றப்பர் இரண்டு விதமாகச் சாகும் என்பதை அன்று கண்டேன். ஒன்று இளகி உதிர்கிறது. மற்றது இறுகி, நெளிய மறந்து, இரும்பைப் போலாகிவிடுகிறது.

வெளியே வந்து அப்பாவிடம் கொடுத்தேன். வேட்டி அழுக்காகும் என்பதையும் பாராமல் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது கொம்மா வெட்டினது” என்றார்.

இரண்டு ஆண்டுகளில் அவர் அம்மாவைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்க வேண்டும்.

“93ஆம் ஆண்டு. இதே சத்தம். கடையிலை ஒண்டும் இல்லை. நான் இரும்பு வளையம் போடுவம் எண்டனான். கொம்மா விடேல்லை. ‘இரும்புக்கும் இரும்புக்கும் இடையிலை இரும்பை வைச்சா என்னப்பா பிரியோசனம்’ எண்டு கேட்டவ. பக்கத்து வளவுக்கை பழைய லொறி ரயர் ஒண்டு கிடந்தது. பாளைக்கத்தி இரவல் வாங்கி, தண்ணியிலை தோய்ச்சுத் தோய்ச்சு வெட்டினவ. ஜாம் போத்தல் விளக்கை நான் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். எட்டும் வெட்டி முடியச் சாமம் ஆகிட்டுது.”

“பிறகு?”

“2002இலை பாதை திறந்தாப் போலை கொழும்பிலையிருந்து எடுப்பிச்சு மற்ற மூண்டையும் மாத்தினன். இது கழரேல்லை. விட்டிட்டன்.”

வாசிக்கிறவர்கள் இதில் உணர்ச்சியைத் தேடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: 2002இல் அந்த மூலையை அவர் விட்டுவைத்ததற்குப் போல்ட் இறுகியது தவிர வேறு காரணமில்லை. அம்மா அப்போது குசினியில் இருந்தார். யாரும் எதையும் நினைவாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்து கதிரையருகில் நிலத்திலிருந்தேன். அப்பா வில்லைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, என்னைப் பாராமலே கேட்டார்:

“நீ கணக்கை விட்டிட்டுத் தமிழ் படிக்கப் போகேக்கை, நான் என்ன சொன்னனான் எண்டு கொம்மா உனக்குச் சொன்னவ?”

1997இல் உயர்தர வகுப்பில் கணிதப் பிரிவை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாறினேன். கணித ஆசிரியரின் ஒரே மகன். அது எங்கள் வீட்டில் சிறிய விடயமன்று.

“உங்களுக்குச் சம்மதம், ஆனால் விட்டுவிட்டுப் படிக்காமல் ஒழுங்காப் படிக்கச் சொன்னனீங்கள் எண்டு சொன்னவ.”

அப்பா சிரித்தார். சத்தம் வராத சிரிப்பு.

“நான் சொன்னது, அப்படிப் போறதெண்டால் இந்த வீட்டுப் படி மிதிக்கத் தேவையில்லை எண்டு.”

நான் பேசாமலிருந்தேன். பிறகு கேட்டேன்: “நான் சொன்னதெண்டு உங்களுக்கு என்ன சொன்னவ?”

“அப்பா ஓமெண்டால்தான் போவன், இல்லாட்டில் கணக்கே படிக்கிறன் எண்டு நீ சொன்னதெண்டு. அதைக் கேட்டாப் பிறகுதான் நான் சரியெண்டனான். கேட்டு நடக்கிற பிள்ளை, போகட்டும் எண்டு.”

நான் அவ்வாறு சொல்லவே இல்லை. அவரைக் கேட்க வேண்டிய அவசியம் எனக்கில்லை என்றுதான் சொன்னேன். சொன்ன இடமும், அம்மா அப்போது அரிசி கிளைந்துகொண்டிருந்ததும், என் சொல்லைக் கேட்டு அவர் கைகள் ஒரு கணம் நின்று மறுபடி தொடர்ந்ததும் நினைவிருக்கின்றன. அதனை அப்பாவிடம் அன்று சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகள் பிந்தி, அம்மா மாற்றிவிட்ட இரண்டு வாக்கியங்களும் அவற்றின் உண்மை வடிவில் உரியவர்களிடம் வந்து சேர்ந்தன. 1997இல் அவை நேரே வந்திருந்தால் எது வெடித்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும். அன்று பின்னேரம் ஒன்றும் வெடிக்கவில்லை. கைகளில் கறுப்பு எண்ணெயோடு, மடியில் ரயர்த் துண்டுகளோடு இருக்கிற இரண்டு பேருக்கு அவை யாரோ இரண்டு பேர் சொன்ன சொற்களைப் போலிருந்தன.

பொய் என்று சொல்வதா அதை? என் தொழில் சொற்களைப் பிரித்துக் காட்டுவது. மணியடித்தது என்பதைப் பிரித்தால் மணியும் அடித்ததும் கிடைக்கும். யகரம் காணாமற் போகும். அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று எந்த மாணவனும் கேட்டதில்லை. இரண்டும் சேர்ந்திருக்கும்வரைதான் அதற்கு இருப்பு. சேர்ந்திருப்பவற்றைக் காண்கிறவர்களும் அதனைத் தனியே காண்பதில்லை.

அடுத்த நாட்காலை புதிய றப்பர்களைப் பூட்டினோம். எண்ணெய் படக்கூடாது, சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்தால் வழுக்கி உள்ளே போகும் என்று நான் வாசித்ததைச் சொன்னேன். “தெரியும்” என்றார் அப்பா. தெரியாமலிருக்குமா? கத்தியைத் தண்ணீரில் தோய்த்து வெட்டியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். போல்ட்களுக்கு மட்டும் செப்புக் கிறீஸ் பூசினேன், அடுத்த முறை கழற்றுகிறவர் வாளோடு மல்லுக்கட்டக் கூடாதென்பதற்காக. அது யாராயிருக்கும் என்று நாங்கள் பேசவில்லை. கராஜ்காரர் சொன்னது உண்மை. இவையும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வெடிக்கும், பொருமும், மறுபடி மாற்ற வேண்டும். நெளிகிற பொருளுக்கு அதுதான் விதி. நெளியாததை வைத்தால் மாற்ற வேண்டியதில்லை. வெடிப்பது வேறெதுவாகவோ இருக்கும்.

புதிய றப்பரைக் கையில் வைத்திருந்தபோது அதன் மணம் எழுந்தது. 1876இல் இலண்டன் கியூ தாவரவியற் தோட்டத்திலிருந்து இலங்கைக்கு வந்த பிரேசில் மரத்தின் நாற்றுக்கள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். இந்தத் தீவில் ஊறுகிற பால்தான். ஆனாலும் 1993இல் யாழ்ப்பாணத்தில், அதில் உள்ளங்கையளவு கிடைக்காமல், ஒரு பெண் சாமம் வரை விழித்திருந்து பழைய ரயரை வெட்ட நேர்ந்தது.

பழைய வில்லைகளை என்ன செய்வதென்று நான் கேட்கவில்லை. அப்பா அவற்றைக் கழுவித் துடைத்து, நட்டுகளும் வாசர்களும் போட்டுவைக்கும் பிஸ்கற் ரின்னுக்குள் போட்டார். எப்போதாவது எதற்காவது உதவும் என்று அவர் போட்டுவைக்கும் எண்ணற்ற பொருட்களோடு அவையும் கிடக்கின்றன. வேறிடத்தில் வைத்திருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

பின்னேரம் காரை வெளியே எடுத்தோம். ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறினேன். சத்தமில்லை. மதகைக் கடந்தேன். சத்தமில்லை. கோயில் வீதியில் வேண்டுமென்றே கிடங்குகளுக்குள் விட்டேன். அடி விழுந்தது, உள்ளே வந்து சேரவில்லை. வளைவில் பின்பகுதி முன்பகுதியோடு சேர்ந்து திரும்பியது.

அந்த நிசப்தம் எனக்குச் சற்றே பயமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒன்றரை ஆண்டுகளாக எங்களுக்கிடையே அந்தத் தட்டல் இருந்தது, “கேட்டியோ?”, “ஓம்” என்று அதனைப் பற்றியாவது இரண்டு சொல் பேச முடிந்தது. இனி எதைப் பேசுவது? சொல்ல வேண்டிய பெரிய விடயங்களை முதல்நாளே சொல்லி முடித்துவிட்டோம். பெரிய விடயங்களை நாள்தோறும் பேசிக்கொண்டிருக்க முடியாது.

சந்தி வரை இருவரும் பேசவில்லை. சந்தியில் வேகத்தைக் குறைத்தபோது அப்பா தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

“தம்பி, இப்பதான் எஞ்சின் சத்தம் வடிவாக் கேக்குது. ரப்பெற் அடிக்குதெல்லே?”

உற்றுக் கேட்டேன். மெல்லிய, சீரான தட்டல் ஒன்று முன்னாலிருந்து வந்தது. இத்தனை காலமும் பின்பக்கத்துச் சத்தத்தில் மறைந்து கிடந்திருக்க வேண்டும்.

“அடிக்குது போலைதான் இருக்கு.”

“பார்க்கவேணும். பெரிய வேலையில்லை. உனக்குக் காட்டித்தாறன்.”

“வாற சனிக்கிழமை பாப்பமோ?”

“சனிக்கிழமை பாப்பம்” என்றார் அப்பா.